சொந்த ஊரைப் பத்தி அவ்ளோ அழகா பேசின வான்ஸும், அடுத்தவங்க ஊரும்

முதல்லயே சொல்லிடறேன், ஜே.டி. வான்ஸ் 2024 ஜூலை 17 அன்னிக்கு மில்வாக்கியில ரிபப்ளிகன் கட்சி மாநாட்டுல (கன்வென்ஷன்) வைஸ் பிரசிடென்ட் வேட்பாளரா பேசினது மட்டமான பேச்சுன்னு நான் சொல்ல வரல. நல்லாவே பேசினாரு. 39 வயசு, செனட்டுக்கு வந்தே ஒண்ணரை வருஷம்தான் ஆகுது, நாலு நாள் முன்னாடிதான் பட்லர்ல டிரம்ப் மேல துப்பாக்கிச் சூடு நடந்து அவரு காதுல கட்டோட வந்து உக்காந்திருக்காரு, ஹாலே உணர்ச்சி பொங்கிக் கிடக்கு, அந்த நேரத்துல மேடை ஏறி பதட்டமில்லாம பேசறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. அவரோட சொந்த மாநிலமான ஒஹாயோவோட டெலிகேட்ஸ் (கட்சிப் பிரதிநிதிங்க) கத்த ஆரம்பிச்சதும், கொஞ்சம் அடங்குங்கப்பா நமக்கு மிச்சிகன் ஓட்டும் வேணும்னு கிண்டல் பண்ணாரு பாருங்க, அதெல்லாம் யாரும் எழுதிக் குடுத்து வராது.

என் சண்டை பேச்சோட அழகு மேல இல்ல, அதுல இருந்த கணக்கு மேல. அந்தப் பேச்சோட உயிர்நாடியே சொந்த மண், சொந்த வீடு, தாத்தா பாட்டி புதைஞ்ச இடம்ங்கிறதுதான். அதை அவ்ளோ உருக்கமா சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு, வேற நாட்டுக்காரனுக்கும் அதே மாதிரி ஒரு மண்ணும் வீடும் கல்லறையும் இருக்கும்ங்கிறது மட்டும் எப்படி கண்ணுக்கே தெரியாம போச்சு? இப்ப அவரு வைஸ் பிரசிடென்ட். போன மாசம் அந்தப் பேச்சை திரும்ப முழுசா போட்டுக் கேட்டேன், கேக்க கேக்க இந்தக் கேள்விதான் பெருசாச்சு.

நான் இருக்கிறது சின்சினாட்டி பக்கம். ஐ-75-ல டேட்டன் போற வழியில மிடில்டவுன் வரும், அவரு வளந்த ஊரு. நெடுஞ்சாலையில போறவங்க பாதிப் பேருக்கு அது ஒரு எக்ஸிட், அவ்ளோதான். அந்த ஊரைப் பத்தி அவரு சொன்னதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. அம்மா போதை மருந்துல சிக்கினது, பாட்டி வளத்தது, பாட்டி செத்தப்புறம் வீட்டுல தேடினா குண்டு போட்டு ரெடியா வெச்சிருந்த 19 கைத்துப்பாக்கி கிடைச்சது, எல்லாம் சொன்னாரு. அம்மா பத்து வருஷமா போதையைத் தொடாம இருக்கப் போறாங்க, ஜனவரியில அதை வெள்ளை மாளிகையிலயே கொண்டாடலாம்னு சொன்னப்ப கூட்டமே "ஜே.டி.யோட அம்மா"ன்னு கோஷம் போட்டுச்சு. நானும் அந்த இடத்துல ஃபோனை கீழ வெச்சுட்டுதான் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவருக்கு முன்னாடி அவரு மனைவி உஷா பேசினாங்க. கறியும் உருளைக்கிழங்கும் தின்னு வளந்த ஆளு எனக்காக சைவச் சாப்பாட்டுக்குப் பழகி, எங்க அம்மாகிட்ட இந்தியச் சமையல் கத்துக்கிட்டாருன்னு சொன்னாங்க. அவ்ளோதான், நம்ம வாட்ஸ்ஆப் குரூப்புல தீபாவளி. என் தெலுங்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அவங்க சொந்த ஊரு கோதாவரி மாவட்டத்துல எங்க இருக்குன்னு மேப் போட்டு அனுப்பிட்டு இருந்தாங்க. இந்த மாதிரி நேரத்துல நம்ம ஆளுங்களுக்கு பாலிசியெல்லாம் எதுக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். வான்ஸ் பேச்சுல வெளியுறவு பத்தி வந்த முதல் அடி பைடன் மேல. ஒண்ணு ஒண்ணா தன் வயசை வெச்சு அடுக்கினாரு. நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போது பைடன் நாஃப்டாவை (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ வர்த்தக ஒப்பந்தம்) ஆதரிச்சாரு, வேலையெல்லாம் மெக்சிகோ போச்சு. நான் ஹைஸ்கூல்ல இருக்கும்போது சீனாவுக்கு ஒரு சலுகை ஒப்பந்தம் குடுத்தாரு, மிச்சம் இருந்த வேலையும் போச்சு. நான் ஸ்கூல் கடைசி வருஷத்துல இருக்கும்போது இராக் படையெடுப்பை ஆதரிச்சாரு, எங்க ஊரு பசங்க போய்ச் செத்தாங்க. கேக்கும்போது கச்சிதமா இருக்கும், ஒரு ஆளோட வாழ்க்கையும் நாட்டோட தப்பும் கூடவே நடந்து வர்ற மாதிரி.

பைடன் அந்த மூணுக்கும் ஓட்டு போட்டது உண்மை, மறுக்க முடியாது. ஆனா யாரோட ஓட்டுல அது பாஸ் ஆச்சுன்னு பாருங்க. நாஃப்டாவை பேசி முடிச்சு கையெழுத்துப் போட்டது அப்பா புஷ், 1992 டிசம்பர்ல. அடுத்த வருஷம் கிளின்டன் காலத்துல பிரதிநிதிகள் சபையில 234-க்கு 200-னு ஜெயிச்சுது, அந்த 234-ல 132 ரிபப்ளிகன். டெமாக்ரட்ல பெரும்பான்மை எதிர்த்துதான் ஓட்டு போட்டாங்க, 156 பேரு. 2000-ல சீனாவுக்கு நிரந்தர வர்த்தக அந்தஸ்து குடுத்த ஓட்டு 237-க்கு 197, அதுல 164 ரிபப்ளிகன், டெமாக்ரட் வெறும் 73. இராக் கதை இன்னும் மோசம். 2002 அக்டோபர்ல சபையில 215 ரிபப்ளிகன் ஆதரவு, எதிர்ப்பு 6 பேரு. டெமாக்ரட்ல 81 ஆதரவு, 126 எதிர்ப்பு. செனட்ல 49 ரிபப்ளிகன்ல 48 பேரு கை தூக்கினாங்க.

அதாவது மிடில்டவுனை சாகடிச்சதா அவரு சொல்ற மூணு முடிவையும் முக்கியமா நிறைவேத்தினது அவரு நிக்கிற அதே மேடைக்குச் சொந்தமான கட்சி. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு நம்ம ஊருல சொல்றது இதைத்தான். அந்த ஹால்ல உக்காந்திருந்த வயசான டெலிகேட்ஸ்ல எத்தனை பேரு 2003-ல மகன் புஷ்ஷுக்கு எழுந்து நின்னு கை தட்டியிருப்பாங்க? அவங்ககிட்ட போய் "நம்ம கட்சி உங்களுக்கு பண்ணின துரோகம் இது"ன்னு சொல்லியிருந்தா அது தைரியம். எதிர்க்கட்சி கிழவர் ஒருத்தர் பேரைச் சொல்றதுக்கு என்ன தைரியம் வேணும். அதுலயும் நாலு நாள் கழிச்சு ஜூலை 21-ம் தேதி பைடன் போட்டியில இருந்தே விலகிட்டாரு, அந்த வயசுக் கணக்கு அடுக்கு மொத்தமும் ஒரே வாரத்துல பழசாப் போச்சு.

அப்புறம் ஒரு வரி வந்துச்சு, நியூயார்க்ல கட்டடம் கட்டிட்டு இருந்த ஒரு ஆளு, டிரம்ப், இந்த எல்லா விஷயத்துலயும் சரியா இருந்தாரு, பைடன் தப்பா இருந்தாருன்னு. நாஃப்டா விஷயத்துல டிரம்ப் ஆரம்பத்துல இருந்தே எதிர்த்தாருங்கிறது சரி. ஆனா இராக்? 2002 செப்டம்பர்ல ஹோவர்ட் ஸ்டெர்ன் ரேடியோ நிகழ்ச்சியில இராக் மேல படையெடுக்கலாமான்னு கேட்டப்ப, "ம்ம், பண்ணலாம்னு நினைக்கிறேன்"ங்கிற மாதிரிதான் டிரம்ப் பதில் சொன்னாரு. டேப் இருக்கு. போர் நாறிப் போனப்புறம்தான் எதிர்க்க ஆரம்பிச்சாரு, மத்த பாதி நாட்டைப் போலவே. வான்ஸ் அப்படி இல்ல, அவரு மரீன்ஸ்ல சேந்து 2005-ல இராக் போயிட்டு வந்தவரு, அந்தப் போர் மேல அவருக்கு இருக்கிற கசப்பு உண்மையான கசப்பு. அதுக்கு நான் மரியாதை குடுக்கிறேன். அந்த உண்மையான கசப்பை கொண்டு போய் டிரம்போட இல்லாத தீர்க்கதரிசனத்துக்கு சர்டிஃபிகேட்டா மாத்தினதுதான் எனக்கு எரிச்சல்.

மிடில்டவுன் ஸ்டீல் மில்லைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா இங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இது தெரியும், வெளியூருக்குத் தெரியாது. அவரு தாத்தா வேலை பாத்த ஆர்ம்கோ மில்லு 1989-ல ஜப்பான் கவாசாகி ஸ்டீலோட கூட்டு சேந்துச்சு, அப்புறம் வந்த ஏ.கே. ஸ்டீல்ங்கிற பேருல இருக்கிற 'கே' அந்த கவாசாகிதான். வெளிநாட்டுக் காசு உள்ள வந்த கதையும் அந்த ஊருல இருக்கு. இன்னொண்ணு, 2024 மார்ச்சுல, அதாவது இந்தப் பேச்சுக்கு நாலு மாசம் முன்னாடி, பைடன் அரசாங்கம் அதே மில்லோட ஃபர்னஸை புதுசாக்க 50 கோடி டாலர் வரைக்கும் தர்றதா அறிவிச்சுது. தன் சொந்த ஊரு மில்லுக்கு அப்ப அறிவிச்ச 50 கோடி டாலரைப் பத்தி பேச்சுல ஒரு வார்த்தை இல்ல. வால் ஸ்ட்ரீட்டுக்கு சேவகம் பண்ணது போதும், இனிமே உழைக்கிறவனுக்குத்தான்னு மட்டும் சொன்னாரு. 2022 செனட் எலெக்ஷன்ல பெரும் பணக்கார முதலீட்டாளர் பீட்டர் தீல் அவருக்காக 1.5 கோடி டாலர் இறக்கினாரு, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

இனி கல்லறைக்கு வரேன். பேச்சோட உச்சம் அது. உஷாகிட்ட கல்யாணத்துக்குக் கேக்கும்போது, என்கிட்ட இருக்கிறது 1,20,000 டாலர் படிப்புக் கடனும் கிழக்கு கென்டக்கி மலைச்சரிவுல ஒரு கல்லறை இடமும்தான்னு சொன்னேன்னாரு. அந்தக் கல்லறையில சிவில் வார் (அமெரிக்க உள்நாட்டுப் போர்) சமயத்துல பொறந்தவங்க எல்லாம் இருக்காங்க, நாளைக்கு நானும் என் மனைவியும், அப்புறம் எங்க பசங்களும் அங்க போய் சேந்தா ஏழு தலைமுறை ஒரே இடத்துல இருக்கும்னாரு. அமெரிக்காங்கிறது வெறும் ஒரு கருத்து இல்ல, அது ஒரு தாயகம், ஜனங்க வெறும் கருத்துக்காக சண்டை போட மாட்டாங்க, தங்களோட வீட்டுக்காக சண்டை போடுவாங்கன்னாரு.

இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. முதல் ஓட்டை உள்ளூர் ஓட்டை. அவரு பேசினது லிங்கனோட கட்சி மேடையில. கெட்டிஸ்பர்க்ல லிங்கன் சொன்னதே, எல்லா மனுஷனும் சமமாப் படைக்கப்பட்டவங்கங்கிற ஒரு கருத்துக்குத் தன்னை ஒப்புக்குடுத்த நாடு இது, அது நிலைக்குமான்னு பாக்கறதுதான் இந்தப் போருன்னு. சிவில் வார் காலத்து ஆளுங்க புதைஞ்ச கல்லறையைக் காட்டி, யாரும் கருத்துக்காகச் சாக மாட்டாங்கன்னு சொல்றது கொஞ்சம் விசித்திரமா இல்ல? அதுவும் கென்டக்கியில, அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம்னு பிரிஞ்சு நின்ன மாநிலத்துல. வீடு ஒண்ணுதான், ரெண்டு பேரும் எதுக்கு எதிரெதிரா நின்னாங்க அப்புறம்?

கூடவே இன்னொண்ணு சொன்னாரு, நான் தெற்காசியாவுல இருந்து வந்தவங்களோட பொண்ணை கட்டியிருக்கேன், அவங்க இந்த நாட்டுக்கு நிறைய செஞ்சிருக்காங்க, ஆனா புதுசா வர்றவங்களை நம்ம குடும்பத்துல சேக்கும்போது நம்ம நிபந்தனையிலதான் சேப்போம்னு. நிபந்தனை இருக்கட்டும், எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனா ஏழு தலைமுறைக் கல்லறைதான் நாட்டுக்கு அளவுகோல்னா, உஷாவோட அப்பா அம்மா எத்தனை தலைமுறை காத்திருக்கணும்? கிரீன் கார்டுக்கே வருஷக்கணக்கா வரிசையில நிக்கிற நம்ம ஆளுங்களுக்கு இந்த வரி கேட்டப்ப சுருக்குன்னு குத்தியிருக்கணும். குரூப்புல யாரும் கண்டுக்கல, சமையல் கதையிலயே நின்னுட்டாங்க.

ரெண்டாவது ஓட்டை வெளியூர் ஓட்டை, நான் எழுத உக்காந்ததே இதுக்குத்தான். ஜனங்க தன் வீட்டுக்காக சண்டை போடுவாங்கங்கிறது உலகத்துல எங்கயாவது கண்ணு முன்னாடி நடந்துச்சுன்னா அது உக்ரைன்ல நடந்துச்சு. 2022 பிப்ரவரியில கீவ் ரெண்டு மூணு நாள்ல விழுந்துடும்னு பெரிய பெரிய நிபுணர்களே நினைச்சாங்க. விழல. ஏன் விழலன்னா வான்ஸ் மில்வாக்கியில சொன்ன அதே காரணம்தான். டீச்சரும் டிரைவரும் வந்து துப்பாக்கி வாங்கிட்டு நின்னாங்க. ரஷ்யா முற்றுகை போட்ட மரியுபோல் நகரத்துல கல்லறைக்குக் கொண்டு போக வழியில்லாம அடுக்குமாடி வீட்டு முற்றத்துலயே குழி தோண்டி பக்கத்து வீட்டுக்காரங்களைப் புதைச்சாங்க. கல்லறையை வெச்சு நாட்டை விளக்கத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு இதைவிட சுலபமா புரியக்கூடிய போரு வேற இருக்கா?

ஆனா அந்தப் பேச்சுல உக்ரைன்ங்கிற பேரே வரல. ஐரோப்பாவுல ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நடக்கிற பெரிய போரு, அதைப் பத்தி செனட்லயே ரொம்ப சத்தமா எதிர்த்துப் பேசின ஆளு, வைஸ் பிரசிடென்ட் வேட்பாளரா நாட்டு முன்னாடி நிக்கும்போது வாயே திறக்கல. ஏன்னா வாயைத் திறந்தா கல்லறைக் கதையோட அது ஒட்டாது.

அவரு வேற இடத்துல சொன்னதெல்லாம் பதிவுல இருக்கு. போர் தொடங்க சில நாள் முன்னாடி டிரம்போட பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனன் பாட்காஸ்ட்ல போய், உண்மையைச் சொல்லணும்னா உக்ரைனுக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலை இல்லன்னாரு. என் ஊருல பசங்க ஃபென்டனில்ங்கிற போதை மருந்துல சாகறாங்க, எனக்கு அதுதான் கவலைன்னு காரணமும் சொன்னாரு. அந்தக் கவலை நியாயம், இந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் ஒரு சாவுக் கதை சொல்லுவாங்க. ஆனா ஒரு கவலைக்கு இடம் குடுக்க இன்னொரு கவலையை ஏன் வெளிய தள்ளணும்? இத்தனைக்கும் அவரு ஓட்டு கேட்டது ஒஹாயோவுல, கிளீவ்லண்ட் பக்கத்துல பார்மான்னு ஒரு ஊரு, அங்க உக்ரைன் வம்சாவளி ஜனங்க தலைமுறை தலைமுறையா சர்ச் கட்டி, கடை வெச்சு, அங்கயே புதைஞ்சிருக்காங்க. அவங்களும் ஸ்டீல் மில்லுலயும் கார் ஃபேக்டரியிலயும் உழைச்ச கூட்டம்தான். ஒஹாயோ உழைப்பாளிங்கிற கணக்குல அவங்க வரமாட்டாங்களா?

அவரு வாதத்துல பலமான பகுதியையும் சொல்லிடணும், இல்லன்னா நான் ஒருதலைப்பட்சமா எழுதறேன்னு கமெண்ட்ல வந்து நிப்பீங்க. 2024 ஏப்ரல்ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை எழுதினாரு. உக்ரைனுக்கு வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல 155 மிமீ ஷெல் (பீரங்கிக் குண்டு) வேணும், அமெரிக்காவால இப்ப வருஷத்துக்கு 3,60,000-தான் தயாரிக்க முடியுது, பணம் ஒதுக்கினா மட்டும் ஷெல் வானத்துல இருந்து விழாது, உக்ரைன் சுதந்திரம் வாங்கின 1991 எல்லைக்குத் திரும்பறதெல்லாம் கற்பனை, தற்காப்புல நின்னு பேச்சுவார்த்தைக்குப் போங்கன்னு. இதை நான் முட்டாள்தனம்னு தள்ள மாட்டேன். உக்ரைனோட 2023 எதிர்த்தாக்குதல் தோத்தப்புறம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டே ஆகணும், வாஷிங்டன்ல பல பேரு அதைக் கேக்காம வெற்றி வெற்றின்னு பேசிட்டு இருந்தாங்க.

ஆனா கணக்குல இருந்து வர்ற முடிவைப் பாருங்க. ஷெல் பத்தல, அதனால குடுக்கறதையும் நிறுத்துவோம்ங்கிறாரு. அமெரிக்க ஃபேக்டரியை திரும்ப எழுப்பணும்னு ஊரு ஊரா பேசற ஆளு, ஷெல் பத்தலன்னா ஃபேக்டரியை பெருசாக்குவோம்னுதானே சொல்லணும்? ஆயுத உதவிப் பணத்துல பெரும்பகுதி செலவாகறது அமெரிக்காவுக்குள்ளதான், பென்சில்வேனியாவுல ஸ்க்ரான்டன்ல ஷெல் வார்க்கிற தொழிற்சாலை மாதிரி இடங்கள்ல. அவரோட சொந்த மாநிலத்துல லைமாவுலதான் ஆப்ராம்ஸ் டாங்க் பண்றாங்க. 2024 ஏப்ரல் 23-ல கடைசியா உக்ரைனுக்கான உதவி மசோதா செனட்ல 79-க்கு 18-னு பாஸ் ஆச்சு, அவரு அந்த 18-ல ஒருத்தர். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா இழுத்தடிச்சதுல முன்களத்துல ஷெல்லுக்கு ரேஷன் போட்டு, பிப்ரவரியில கிழக்கு உக்ரைன்ல அவ்தீவ்காங்கிற ஊரு ரஷ்யாகிட்ட போச்சு. பற்றாக்குறையை எடுத்துக் காட்டினவங்கள்லயே சில பேரு அதை வளக்கவும் செஞ்சாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, இவரு எல்லா நாட்டு விஷயத்துலயும் ஒதுங்கி இருக்கச் சொல்ற ஆளுன்னா அதாவது ஒரு கொள்கைன்னு ஒத்துக்கலாம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படித்தான் வாதாடுவான், டேய் அமெரிக்கா தலையிட்ட நாடு எது உருப்பட்டுச்சு, இந்த ஆளாவது போதும்னு சொல்றானேன்னு. இராக்கை நினைச்சா அவன் வாயை என்னால அடைக்க முடியாது. ஆனா வான்ஸ் போதும்னு சொல்லலையே. அதே பேச்சுல, நம்ம பசங்களை தேவைப்பட்டா மட்டும்தான் போருக்கு அனுப்புவோம், ஆனா அடிச்சா பலமா அடிப்போம்னாரு. ரெண்டு நாள் முன்னாடி ஃபாக்ஸ் டிவியில, இரானை அடிக்கிறதுன்னா சும்மா சின்னச் சின்னதா குண்டு போடாம பலமா அடிக்கணும், டிரம்ப் இரான் தளபதி சொலைமானியைக் கொன்ன மாதிரின்னு சொன்னாரு. இஸ்ரேல் உதவிக்கு அவரு ஷெல் கணக்கு கேக்கறதில்ல. 2024 மே மாசம் வாஷிங்டன்ல ஒரு கூட்டத்துல, உக்ரைன் வேற இஸ்ரேல் வேறன்னு விளக்கினாரு. மிசைல் தடுப்பு தொழில்நுட்பம்னு ஒரு காரணம், இன்னொண்ணு, இந்த நாட்டுல பெரும்பான்மை ஜனங்க தங்களோட ரட்சகர் பொறந்து, செத்து, உயிர்த்தெழுந்தது அந்தச் சின்ன நிலத்துலதான்னு நம்பறாங்க, அதனால அமெரிக்கா அதைப் பத்தி கவலைப்படாம இருக்கும்னு நினைக்கிறதே அபத்தம்னாரு.

நம்பிக்கை இருக்கட்டும், அதை நான் கிண்டல் பண்ணல. ஆனா கவனிச்சீங்களா, இங்க மட்டும் ஒரு நம்பிக்கை, கண்ணால பாக்க முடியாத ஒண்ணு, வெளியுறவுக் கொள்கைக்குக் காரணமா வந்து உக்காந்துக்குது. ரெண்டு மாசம் கழிச்சு மில்வாக்கி போய் ஜனங்க கருத்துக்காக சண்டை போட மாட்டாங்கன்னு பேசறாரு. கணக்கு எங்க வேணுமோ அங்க கணக்கு, மனசு எங்க வேணுமோ அங்க மனசு.

கூட்டாளி நாடுகளைப் பத்தி அந்தப் பேச்சுல வந்த வரி, அமெரிக்க வரிப்பணத்தோட தாராளத்துக்கு துரோகம் பண்ற நாடுகளுக்கு இனிமே ஓசி சவாரி கிடையாதுங்கிறது. கை தட்டல் பிச்சுது. ஐரோப்பா ராணுவச் செலவுல பல வருஷம் கஞ்சத்தனம் பண்ணுச்சு, ஒபாமாவே புலம்பினாரு, இதுல வான்ஸ் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. ஆனா நாட்டு ஜிடிபியில 2 சதவீதத்தை ராணுவத்துக்குச் செலவு பண்ற இலக்கை 2014-ல தொட்ட நேட்டோ (அமெரிக்கா-ஐரோப்பா ராணுவக் கூட்டணி) நாடு 3-தான், இந்தப் பேச்சு நடந்த 2024 கோடையில அது 32-ல 23 ஆகியிருந்துச்சு. புதினுக்கு பயந்துதான், அதுவும் சரி. அப்புறம் அந்த துரோகம்ங்கிற வார்த்தை. நேட்டோவோட ஐந்தாவது ஷரத்தை, ஒருத்தனை அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரிங்கிற ஷரத்தை, இதுவரைக்கும் பயன்படுத்தினது ஒரே ஒரு தடவை, 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம், அமெரிக்காவுக்காக. அதுக்கப்புறம் ஆப்கானிஸ்தான்ல செத்த பிரிட்டிஷ் வீரர்கள் 457 பேரு. கனடா 158. டென்மார்க் சின்ன நாடு, அங்க இருந்து போயும் 40-க்கு மேல பேரு செத்தாங்க. அவங்க ஊருலயும் மலைச்சரிவோ சமவெளியோ எங்கயோ ஒரு கல்லறை இருக்கும், ஓசி சவாரின்னு கேட்டப்ப அந்தக் குடும்பங்க என்ன நினைச்சிருக்கும்? அந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் வேற ஒரு மாநாட்டுல, அணுகுண்டு வெச்சிருக்கிற முதல் இஸ்லாமியவாத நாடு லேபர் கட்சி ஜெயிச்ச பிரிட்டனாத்தான் இருக்கும்னு ஜோக் அடிச்சிருந்தாரு. ஜோக்குதான். அதை ஆறு மாசத்துல வைஸ் பிரசிடென்ட் ஆகப்போற ஆளு அடிச்சாரு.

ஆனப்புறம் என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால வேகமா சொல்லிட்டுப் போறேன். 2025 பிப்ரவரி 14 மியூனிக் பாதுகாப்பு மாநாட்டுல, ஐரோப்பாவுக்கு ரஷ்யாவை விட உள்ளுக்குள்ள இருக்கிற ஆபத்துதான் பெருசுன்னு அவங்க வீட்டுக்கே போய் பாடம் நடத்தினாரு. மார்ச்சுல ஏமன்ல ஹூதி கிளர்ச்சிப் படையை அடிக்கிறது பத்தி அதிகாரிங்களோட சிக்னல் ஆப் சாட்ல, ஐரோப்பாவை மறுபடி காப்பாத்தணுமேன்னு வெறுப்பா இருக்குன்னு டைப் பண்ணினது ஒரு பத்திரிகை ஆசிரியர் வழியா வெளிய வந்துச்சு. மேடையில பேசறது வேற உள்ள நினைக்கிறது வேறன்னு அரசியல்வாதிகளை நாம திட்டுவோம், இவரு விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான்னு அந்த சாட் காட்டிக் குடுத்துச்சு, அந்த வரைக்கும் நேர்மை. மார்ச் 28 டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்துல இருக்கிற பிடுஃபிக் அமெரிக்க ராணுவ தளத்துக்குப் போய், டென்மார்க் இந்த மண்ணுக்கு ஒழுங்கா எதுவும் பண்ணலன்னாரு. கிரீன்லாந்து ஜனங்களுக்கும் அது தாயகம், அவங்களை யாரும் கூப்பிட்டுக் கேக்கறதுக்கு முன்னாடியே அது அமெரிக்காவுக்கு வேணும்னு பேச்சு ஆரம்பிச்சாச்சு.

அதே வருஷம் பிப்ரவரி 28 வெள்ளை மாளிகை ஓவல் ஆபீஸ்ல உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியோட நடந்த சண்டையில எல்லாரும் "ஒரு தடவையாவது தேங்க்ஸ் சொன்னீங்களா"ங்கிற வரியைத்தான் மீம் போட்டாங்க. எனக்கு அதைவிட உறைச்சது அதுக்கு கொஞ்சம் முன்னாடி வந்த ஒரு இடம். உங்ககிட்ட ஆள் பத்தல, பிடிச்சுப் பிடிச்சு போருக்கு அனுப்பறீங்கன்னு வான்ஸ் சொல்றாரு. ஜெலன்ஸ்கி கேக்கறாரு, நீங்க உக்ரைன் வந்திருக்கீங்களா, எங்களுக்கு என்ன பிரச்சனைன்னு சொல்றீங்களே, ஒரு தடவை வாங்க. அதுக்கு வான்ஸ், நான் செய்தியெல்லாம் பாத்திருக்கேன், நீங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் பிரச்சார டூர் காட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும்ங்கிறாரு.

மில்வாக்கியில மேடை ஏறி, வாஷிங்டன்ல இருக்கிற ஆளும் வர்க்கம் எங்க ஊரை ஓரமா தூக்கிப் போட்டு மறந்துட்டாங்கன்னு சொல்லி அத்தனை பேரை கண் கலங்க வெச்ச ஆளு இவருதான். அவரு முதல் புத்தகமே, வெளியில இருந்து எங்களைப் பத்தி அளக்கிற யாருக்கும் எங்க வாழ்க்கை தெரியாதுங்கிற ஆதங்கத்துல எழுந்ததுதான். 2024 பிப்ரவரியில மியூனிக்ல ஜெலன்ஸ்கியோட மத்த செனட்டர்கள் உக்காந்து பேசினப்பவும் அவரு போகல, போனா புதுசா ஒண்ணும் தெரிஞ்சுக்கப் போறதில்லன்னு காரணம் சொன்னாரு.